நாப்பத்தாறுக்கு ஒரு நிமிடம்

செத்துப்போவதற்கும் தகுதிச் சுற்று உண்டு என்பது தையல்கார அக்காவுக்கு அன்றைக்குக் காலை பத்து மணி வரை தெரியாது. தம்பி செத்துவிட்டான், ஆஸ்பத்திரிப் பிணவறையில் கிடக்கிறான், சாயங்காலம் ஐந்து மணிக்குள் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குள் தடகளச் சம்மேளனத்துக்குப் போய் அவன் பந்தயத்தில் போட்ட பழைய ஸ்பைக் ஷூவை வாங்கிவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் மனசில் இருந்தது. பஸ்ஸில் வரும்போதுகூட, ஷூவைப் போட்டுக்கொள்ளத் துணிப்பை எடுத்து வந்தோமா என்றுதான் இரண்டு முறை பார்த்துக்கொண்டார்.

தம்பி யாரென்று சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நானூறு மீட்டரைச் சரியாக நாற்பத்தாறு செகண்டில் ஓடி, நாட்டிலேயே முதல் ஆளாக வந்தவன். அன்றிலிருந்து அவனுக்குப் பெயரே 'நாப்பத்தாறு' என்று ஆகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடச் சான்றிதழில் மட்டும் இருந்தது. அதே வருஷம் இடது முழங்கால் போனது. காலோடு வேலையும் போனது. வேலை இருந்த இடத்தில் குடி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. அப்புறம் நடந்ததெல்லாம் அக்கம்பக்கத்துக்கே மனப்பாடம். கடைக் கண்ணாடியை உடைத்தான், போலீஸ்காரரை அறைந்தான், ஆறு மாசம் உள்ளே இருந்துவிட்டு வந்தான், பெண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அக்காவின் தையல் மிஷினைக்கூட ஒருநாள் தூக்கிப்போட்டு உடைத்தான். முந்தாநாள் ஒரு மதுக்கடை வாசலில் இவனுக்கும் வேறு இரண்டு பேருக்கும் ஒரு நாற்காலிக்காகச் சண்டை. உடைந்த பாட்டிலோடு அவர்கள் பாய, அங்கே இருந்த அத்தனை பேரும் ஓடித் தப்பித்துவிட்டார்கள். ஓட்டத்தில் முதலாக வந்தவன் மட்டும் மாட்டிக்கொண்டான்.

சேதி வந்ததும் பக்கத்து வீட்டுக்காரி, "போனது போகட்டும்க்கா, இனியாவது நிம்மதியா இருங்க" என்றாள். அக்காவுக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் சேதியைக் கேட்ட அந்த முதல் நொடியில் அவர் நெஞ்சுக்குள்ளும் 'அப்பாடா' என்று ஒன்று எழுந்ததும், அதை அவரே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியதும் அவருக்கு மட்டும்தான் தெரியும். அதிலிருந்து அழுகை வரவில்லை. ஷூவைக் காலில் போட்டுவிட்டால் ஒருவேளை வரும் என்று நினைத்தார்.

அந்த ஷூ சம்மேளனத்தின் முன்கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரியில் இருந்தது. ஜெயித்த அன்றைக்கே, "தற்காலிகமா வச்சுக்கிறோம்" என்று காலிலிருந்து கழற்றி வாங்கிக்கொண்டார்கள். இருபத்திரண்டு வருஷமாகத் தற்காலிகமாகவே இருந்தது. தம்பி நாலைந்து மாசத்துக்கு ஒருமுறை வந்து கேட்பான், காவலாளி பிடித்து வெளியே தள்ளுவார். "நான் செத்தாலாவது அதை வாங்கி என் கால்ல போட்டு அனுப்புக்கா" என்று ஒருநாள் சொன்னான். குடிக்காமல் சொன்னான். குடிக்காமல் அவன் சொன்னது ரொம்பக் குறைச்சல் என்பதால் அக்காவுக்கு அது அப்படியே நினைவிருந்தது.

எழுத்தர் மேஜையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. அக்கா விஷயத்தைச் சொன்னார்.

"அடடா, நாப்பத்தாறோட அக்காவா நீங்க? உட்காருங்கம்மா, உட்காருங்க. என்ன ஆச்சு, மாரடைப்பா?"

"குத்திட்டாங்க சார்."

"ஓ." எழுத்தர் முகத்தில் இருந்த வருத்தம் பாதி வழியில் நின்றுவிட்டது. "அப்ப நான் இப்ப எதுவும் சொல்லக் கூடாதும்மா. குழு முடிவு பண்ணணும்."

"எந்தக் குழு?"

"துயர நிர்ணயக் குழு. முன்னாள் வீரர் யாராவது இறந்துபோனா, அது துயரமா இல்லை வெறும் சம்பவமான்னு அவங்கதான் சொல்லணும். துயரம்னா ஒரு நிமிஷ மௌனம், கொடி அரைக்கம்பம், அலமாரியில இருக்கிற பொருளைக் குடும்பத்துக்கு ஒப்படைக்கிறது, எல்லாம் உண்டு. சம்பவம்னா பதிவேட்டுல ஒரு வரி, பத்து செகண்ட் மௌனம்."

"பத்து செகண்டா?"

"எழுந்து நிக்கவே ஆறு செகண்ட் போயிடும்மா. மிச்சம் நாலுதான்" என்றார் எழுத்தர், அதையும் குறைக்கலாம் என்று ஒரு யோசனை இருப்பதைப் போல.

"சார், எனக்கு மௌனமெல்லாம் வேண்டாம். அந்த ஷூ மட்டும் குடுத்தாப் போதும். அஞ்சு மணிக்குள்ள நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"துயரம்னு வந்தாத்தான் ஷூ வரும்மா. நீங்க அதிர்ஷ்டக்காரங்க, இன்னைக்கு வருடாந்திரப் போட்டி ஆரம்பிக்குது, குழுவுல எல்லாரும் வந்திருக்காங்க. பதினோரு மணிக்கு உட்காருவாங்க."

அதிர்ஷ்டக்கார அக்கா படிவத்தை நிரப்பினார். பத்தொன்பதாம் கேள்வியில் பேனா நின்றுவிட்டது. 'இறந்தவர் சம்பவ இடத்தில் தமது விளையாட்டுத் திறனை வெளிப்படுத்தினாரா?' என்று இருந்தது. அந்தக் கட்டத்தை அவர் காலியாக விட்டுவிட்டார்.

குழு அறை முதல் மாடியில். தடகளச் சம்மேளனம் என்று பேர்தான், ஒரு மாடி ஏறுவதற்குள் தலைவருக்கு நாக்கு தள்ளிவிட்டது. நாற்காலியில் விழுந்து மூன்று நிமிஷம் மூச்சு வாங்கிவிட்டுத்தான் கூட்டத்தைத் தொடங்கினார். ஆயுசில் ஒரு பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவர், பதினெட்டு வருஷமாக ஓட்டக்காரர்களுக்குத் தலைவர். அவருக்கு வலப்பக்கம் சம்மேளன டாக்டர். இடப்பக்கம் நேரக்கணிப்பாளர், கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்க, யார் வாயைத் திறந்தாலும் அதை ஒரு அமுக்கு அமுக்குகிறவர். அக்கா பழக்கதோஷத்தில் மூன்று பேருடைய பேன்ட்டையும் பார்த்தார். மூன்றிலும் இடுப்புத் தையலைப் பிரித்து அகலப்படுத்தியிருந்தது.

"போலீஸ் அறிக்கையைப் பார்த்தேன்" என்று நேரக்கணிப்பாளர் ஆரம்பித்தார். "சம்பவ இடத்துல இருந்து மெயின் ரோடு எழுபது மீட்டர். இவர் வேகத்துக்கு எட்டு செகண்ட். துரத்தினவங்க ரெண்டு பேருக்கும் வயசு முப்பத்தஞ்சுக்கு மேல. ரெண்டு பேரும் குடிச்சிருக்காங்க. ஒருத்தருக்குச் செருப்பு வேற அறுந்திருக்கு. அப்படிப்பட்டவங்ககிட்ட ஒரு முன்னாள் சாம்பியன் தோத்திருக்கார். எனக்குச் சொல்லவே சங்கடமா இருக்கு, தொழில்முறையில இது பெரிய ஏமாற்றம்."

"அவனால ஓட முடியாதுங்க" என்றார் அக்கா. "முழங்கால் மடங்காது. மாடிப்படி ஏறவே சுவத்தைப் பிடிச்சுக்குவான்."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஒரு பெருமிதம் வந்தது.

"அந்த முழங்காலை என்னைவிட யாருக்கும்மா தெரியும்? கிழிஞ்ச ஜவ்வோட ஓடினவர் உங்க தம்பி. பந்தயத்துக்கு முந்தின பத்து நாள்ல பதினோரு ஊசி. நான்தான் போட்டேன். வலியே தெரியாது. வலி தெரிஞ்சிருந்தா ஓடியிருப்பாரா? ரெக்கார்டு வந்திருக்குமா?"

"அதுக்கப்புறம் அந்தக் கால் தேறவே இல்லையே டாக்டர்."

"அது பந்தயத்துக்கு அப்புறம்மா. பந்தயத்துக்கு அப்புறம் நடக்கிறது விளையாட்டு மருத்துவத்துல வராது. அது பொது மருத்துவம்."

பதினோரு ஊசிக் கதை அக்காவுக்கு இதுவரை தெரியாது. தம்பி ஒருநாளும் சொன்னதில்லை. 'கால் துரோகம் பண்ணிடுச்சுக்கா' என்று மட்டும்தான் குடித்துவிட்டுப் புலம்புவான், பாவம், தன் காலையே இருபத்திரண்டு வருஷம் திட்டிக்கொண்டிருந்தான்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "ஊசி விஷயம் குறிப்புல வர வேண்டாம். 'முழங்கால் தானாக ஓய்வு பெற்றது'ன்னு எழுதிக்கோங்க." எழுத்தர் எழுதிக்கொண்டார்.

அடுத்தது நன்னடத்தை. மூன்று வருஷத்துக்கு முன்னால் நாப்பத்தாறு குடித்துவிட்டு முன்கூடத்துக்கு வந்து அலமாரி முன்னால் நின்று கத்தியது, 'சம்மேளனத்தின் மனத்தைப் புண்படுத்திய குற்றம்' என்று கோப்பில் இருந்தது.

"அவன் ஷூவைத்தானே சார் கேட்டான்?"

"கேட்டது தப்பில்லைம்மா. கேட்ட விதம்" என்றார் தலைவர். "நல்ல விதமா கேட்டவங்களுக்கு நாங்க எப்பவுமே மரியாதையா இல்லைன்னு சொல்லியிருக்கோம்." பிறகு இரண்டு கையையும் மேஜை மேல் வைத்துக்கொண்டு, பெரிய விஷயம் சொல்லப்போகிறவராகக் குரலை இறக்கினார். "அம்மா, துயரம்னா என்னன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். மேல இருக்கிறவர் கீழ விழுந்தா அது துயரம். உங்க தம்பி விழுந்து ரொம்ப வருஷம் ஆச்சு. ஏற்கெனவே கீழ கிடந்தவரை யாரோ வந்து குத்திட்டுப் போனா, அதுல விழுறதுக்கு என்ன இருக்கு? எங்க பழைய தலைவர் தொண்ணூத்தோரு வயசுல தூக்கத்துல போனார். கட்டில் உயரம்தான், ஆனா எவ்வளவு பெரிய வீழ்ச்சி! நாடே ஆடிப்போச்சு."

"நீங்க ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம்" என்றார் நேரக்கணிப்பாளர், ஸ்டாப்வாட்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

அக்காவுக்கு மேடைப் பேச்சு வராது. நாளெல்லாம் மிஷினோடு பேசுகிறவர். இருந்தாலும் எழுந்து நின்றார்.

"என் மிஷினை அவன் ஒருநாள் உடைச்சான். எதுக்குன்னு அவனுக்கே தெரியாது. போய்த் தொலைடான்னு விரட்டிவிட்டேன். மறுநாள் காலையில வந்து, மடங்காத காலை நீட்டிக்கிட்டு, தரையில நாலு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்க்ரூவா தேடினான். ஒண்ணே ஒண்ணு கிடைக்கல. இன்னும் என் மிஷின்ல அந்த இடம் ஓட்டையாத்தான் இருக்கு. சாப்பிடுடான்னா தலையை நிமிர்த்தவே இல்லை. அவன் நல்லவன்னு நான் சொல்லல. அவனைப் பிடிக்காம இருந்த நாள் எனக்கும் நிறைய. ஆனா அதனால அவன் செத்தது இல்லைன்னு ஆயிடுமா சார்?"

ஸ்டாப்வாட்ச் 'டிக்' என்றது. "உறவினருக்கு ஒரு நிமிஷம்தான். பரவாயில்லை, பிழையா எடுத்துக்கல" என்றார் நேரக்கணிப்பாளர்.

தீர்ப்பு பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. வருஷத்துக்கு மூன்று துயரம்தான் என்று விதி இருந்தது. ஓட்டப்பந்தயத்தில் மூன்று பேருக்குத்தானே பதக்கம், அந்த நியாயம்தான். இந்த வருஷத்து முதலிடம் பழைய தலைவருக்கு. இரண்டாமிடம் அந்த அதிர்ச்சியில் மூன்றாம் நாள் போன அவர் மனைவிக்கு. மூன்றாவது, மைதானத்து மூலையில் நின்று புயலில் சாய்ந்த மரத்துக்கு.

"மரமா?" என்றார் அக்கா.

"நான் வச்ச மரம்மா" என்றார் தலைவர், கண் கலங்க. நிஜமாகவே கலங்கியது. "உங்க தம்பி நாலாவது வந்திருக்கார். நாலாவது இடத்துக்கு மேடை கிடையாது. அவர் இருந்திருந்தா அவரே ஒத்துப்பார்."

அக்கா படியிறங்கி முன்கூடத்துக்கு வந்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஷூ இருந்தது. வெள்ளை மஞ்சளாகிவிட்டது. லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்குத்தோலின் ஓரத்தில் சிவப்பு நூலில் மூன்று தையல் தெரிந்தது; கூட்டத்தில் மாறிப்போகாமல் இருக்கப் பந்தயத்துக்கு முதல்நாள் அவரே போட்ட அடையாளம். ஏதாவது கல்லை எடுத்து அந்தக் கண்ணாடியில் போடலாமா என்று அவருக்குத் தோன்றியது. தம்பிக்கும் இங்கே நின்றபோது இப்படித்தான் தோன்றியிருக்கும், அதற்குத்தான் கோப்பில் எழுதி வைத்தார்கள் என்று நினைத்துக்கொண்டார். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மதியச் சாப்பாடு முடிந்து குழு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மாடியில் திடுதிடுவென்று சத்தம். எழுத்தர் மூச்சிரைக்க இறங்கி ஓடிவந்தார்.

"அம்மா, நல்லவேளை போகாம இருந்தீங்க! உங்க தம்பி துயரமாயிட்டார்!"

நடந்தது இதுதான். போட்டியைத் தொடங்கி வைக்கக் காரில் வந்துகொண்டிருந்த விளையாட்டுத் துறைச் செயலர் வழியில் செய்தியைப் பார்த்துவிட்டு, 'ஒரு மாபெரும் வீரரின் மறைவு பெரும் துயரம்' என்று போனிலேயே இரண்டு வரி போட்டுவிட்டார். செயலர் துயரம் என்று சொன்ன பிறகு சம்மேளனம் சம்பவம் என்று சொன்னால் செயலர் மரியாதை என்ன ஆவது? குழு உடனே மறுபடி கூடியது. மரத்தை நாலாவது இடத்துக்கு இறக்கினார்கள். தலைவருக்கு மனசே இல்லை. எழுந்திருக்கும்போது, "என்ன இருந்தாலும் அது குடிக்காது" என்று ஒரு வார்த்தை சொன்னாராம்.

அக்காவுக்கு எதுவும் பிடிபடவில்லை. காலையில் இல்லாத துயரம் மத்தியானம் வந்திருக்கிறது. தம்பி என்னவோ அதே பிணவறையில் அதே மாதிரிதான் கிடக்கிறான். "அப்ப ஷூவைக் குடுத்துடுவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"மூணரைக்கு மேடையில தலைவர் கையாலேயே ஒப்படைக்கிறார்மா. இந்தாங்க நிகழ்ச்சி நிரல்."

அக்கா படித்தார். வரவேற்பு, தலைவர் உரை, ஷூ ஒப்படைப்பு, ஒரு நிமிட மௌனம். அதற்கடுத்து 'ஷூ திரும்பப் பெறுதல்' என்று இருந்தது.

"இது என்ன சார்?"

எழுத்தர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "ஒப்படைக்கிறதுன்னா போட்டோவுக்கும்மா. மௌனம் முடிஞ்சதும் எங்ககிட்ட குடுத்துடணும். முதல் மூணு இடத்துல வந்தவங்க பொருள் நினைவுச் சின்னமாயிடும், கட்டடத்தை விட்டு வெளிய போகக் கூடாது."

"காலையில துயரம் இல்லைன்னு குடுக்க மாட்டேன்னீங்க. இப்ப துயரம்னு குடுக்க மாட்டேங்கறீங்க."

"ரெண்டுமே விதிதாம்மா. ஒரே பக்கத்துலதான் இருக்கு." பிறகு குரலைத் தணித்து, "மௌனத்தப்ப மட்டும் ஆடாம அசையாம இருங்க. யாராவது அசைஞ்சாலோ, பேசினாலோ, இருமினாலோ நேரக்கணிப்பாளர் திரும்ப முதல்லருந்து ஆரம்பிச்சுடுவார். ஆளையும் ஒரு வருஷம் ஒதுக்கி வச்சுடுவாங்க. போன தடவை பொருளாளர் தும்மிட்டு இன்னும் வெளியதான் இருக்கார்" என்றார்.

அக்கா அந்தத் தாளை நாலாக மடித்துத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

மேடையை ஓடுதளத்தின் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். துறைச் செயலர் நடுவில். கேமராக்காரர்கள் எதிரில். கொடி பாதிக்கம்பத்துக்கு இறங்கியிருந்தது. காலையில் ஏற்றியவரே மதியம் இறக்கினார், எதற்கென்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"நாப்பத்தாறு எங்கள் வீட்டுப் பிள்ளை! தன் முழங்காலையே நாட்டுக்குத் தந்த தியாகி! அந்த முழங்காலைப் பெற்றுக்கொண்ட பெருமை இந்தச் சம்மேளனத்துக்கு உண்டு. இந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் அவரை நாங்கள் ஒருநாளும் மறந்தது கிடையாது. அவர் இந்தக் கட்டடத்துக்கு வந்தபோதெல்லாம் வாசலிலேயே அடையாளம் கண்டு நிறுத்தியிருக்கிறோம். அவர் நம்மிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதையும் பத்திரமாக வைத்திருக்கிறோம். இன்று பிற்பகல் ஒன்றே முக்காலுக்கு இந்த இழப்பை உணர்ந்தபோது நான் அழுதுவிட்டேன்!"

கூட்டம் கைதட்டியது. தலைவர் கண்ணைத் துடைத்துவிட்டு, ஷூவை எடுத்து அக்காவின் கையில் வைத்தார். பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. "கேமராவைப் பாருங்கம்மா, கொஞ்சம் துக்கமா" என்றார் டாக்டர் காதோரமாக. அக்கா ஷூவைத்தான் பார்த்தார். நகத்தால் அந்தச் சிவப்பு நூலைத் தடவினார். இத்தனை வருஷத்தில் ஒரு தையல்கூட விடவில்லை.

நேரக்கணிப்பாளர் விசிலை ஊதினார். மௌனம் தொடங்கியது.

செயலர் தலையைக் குனிந்து கண்ணை மூடினார். அவர் மூடியதும் தலைவர் மூடினார். தலைவர் மூடியதும் மேடை மொத்தமும் மூடியது. மைதானத்தில் ஐந்நூறு பேர் நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றார்கள். ஒரு சத்தம் இல்லை.

அக்கா ஷூவைத் துணிப்பைக்குள் போட்டார். மேடைப் படி நாலு, இறங்கினார். செருப்பு சத்தம் போட்டது, கழற்றி அங்கேயே விட்டுவிட்டார். எதிரில் நேராக ஓடுதளம், அதன் கடைசியில் வாசல் கேட். முதலில் நடந்தார். பிறகு எட்டிப்போட்டு நடந்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, ஐம்பத்து மூன்று வயசில், புடவையை ஒரு கையிலும் பையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டார்.

தலைவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். பார்த்த கண் பிதுங்கியது. வாயைத் திறக்கப்போனவர் பக்கத்தில் செயலரின் குனிந்த தலையைப் பார்த்தார், எதிரில் கேமராவைப் பார்த்தார், மறுபடி மூடிக்கொண்டார். நேரக்கணிப்பாளரும் செயலரைப் பார்த்துவிட்டு விசிலை இறக்கிக்கொண்டார்; கையில் ஸ்டாப்வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரின் உதடு துடித்தது. பார்த்தவர்கள் சோகத்தில் என்று நினைத்துக்கொண்டார்கள். எழுத்தர் பார்த்தும் பார்க்காத மாதிரி இன்னும் நன்றாகக் குனிந்துகொண்டார். கேட்டில் காவலாளி சல்யூட் அடித்தபடி விறைத்து நின்றார். தம்பியை எத்தனையோ தடவை சட்டையைப் பிடித்து வெளியே தள்ளிய அதே ஆள். அக்கா அவரைத் தாண்டிப் போனபோது கண்மணி மட்டும் கூடவே போனது. கை நெற்றியை விட்டு இறங்கவில்லை.

விசில் சத்தம் கேட்டபோது அக்கா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

பிணவறைக்குப் போனபோது ஐந்து மணி ஆக இருபது நிமிஷம் இருந்தது. உதவியாளர் துணியை விலக்கிக் காலை மட்டும் காட்டினார். பாதம் ஊதிப்போயிருந்தது, வலது ஷூ பாதிக்கு மேல் ஏறவில்லை, இடது அதுவும் இல்லை. "விடுங்கம்மா, பக்கத்துல வச்சு அனுப்பிடலாம்" என்றார் அவர். அக்கா கேட்கவில்லை. பையிலிருந்து கத்திரியும் ஊசி நூலும் எடுத்தார். அவர் அது இல்லாமல் எங்கேயும் போகிறவர் இல்லை. இரண்டு ஷூவிலும் குதிகால் பக்கத் தையலைப் பிரித்து விரித்து, பாதத்தை உள்ளே விட்டு, காலில் இருந்தபடியே வெளியிலிருந்து மறுபடி தைத்தார். இடது முழங்கால் அப்போதும் மடங்காமல் விறைத்துக்கொண்டு நின்றது. அதன் மேல் கையை வைத்து, "இது உன்னை ஏமாத்தலடா. இதைத்தான் ஏமாத்தியிருக்காங்க" என்றார். அப்போதுதான் அழுகை வந்தது, நன்றாக வந்தது.

ஒன்பதாம் நாள் சம்மேளனத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. அக்கா மிஷினை நிறுத்திவிட்டுப் படித்தார்.

'தங்கள் சகோதரரின் நினைவுச் சின்னம் நிகழ்ச்சி நிரலுக்குப் புறம்பாக வெளியேறியதால், அவரது மரணம் துயர நிலையிலிருந்து நீக்கப்பட்டு, சம்பவமாக மறுவகைப்படுத்தப்படுகிறது. மூன்றாம் இடம் மரத்துக்கு மீண்டும் வழங்கப்பட்டுள்ளது. சம்பவத்துக்கு உரிய மௌனம் பத்து வினாடிகள் மட்டுமே என்பதால், தகுதியின்றிப் பெற்ற ஒரு நிமிட மௌனம் குறித்துத் தங்கள் விளக்கத்தைப் பதினைந்து நாள்களுக்குள் எழுத்து மூலம் அளிக்கவும். மௌனம் தொடங்கி நாற்பத்தாறாவது வினாடியில் தாங்கள் வாயிலைக் கடந்ததாக நேரக்கணிப்பாளர் பதிவு செய்துள்ளார். தாங்கள் பதிவு பெற்ற வீராங்கனை அல்லர் என்பதால் இது சாதனையாகக் கருதப்படாது.'

கடைசிக்கு முந்தின வரியை அக்கா இரண்டு முறை படித்தார். துணி அளவு குறிக்கும் பென்சில் காதோரம் இருந்தது. அதை எடுத்து அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதினார்.

'ஐயா, நீங்க குடுத்த ஒரு நிமிஷத்துல நாங்க எடுத்துக்கிட்டது நாப்பத்தாறு செகண்ட்தான். என் தம்பி என்னைக்குமே அதுக்கு மேல எடுத்துக்கிட்டது இல்லை. மிச்சம் பதினாலு செகண்ட் உங்ககிட்டயேதான் இருக்கு. அதுல உங்களால ஒருதடவையாவது வெட்கப்பட முடியுமான்னு பாருங்க.'

உறையில் போட்டு ஒட்டிவிட்டு, காத்துக்கொண்டிருந்த பேன்ட்டை எடுத்து மிஷினில் வைத்தார்.